தங்கச்சிக்கு அந்தமான், எங்களுக்கு அளம்

தங்கச்சி அந்தமானுக்குப் போகப்போகிறாள் என்று போனில் சொன்ன அன்று நான் வைத்த காரக்குழம்பில் உப்பு இல்லை. கொல்லைப்புறத்தில் மூட்டை மூட்டையாக உப்பு அடுக்கியிருக்கிற வீட்டில் குழம்புக்கு உப்புப் போட மறந்தேன் என்றால், என் மனசு எங்கே இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். என் வீட்டுக்காரர் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோய், கொஞ்சம் கல்லுப்பு எடுத்துவந்து தட்டோரத்தில் வைத்துக்கொண்டார்.

"இன்னா ஆச்சு?" என்றார்.

"ஒண்ணும் ஆவல. மே மாசம் என் தங்கச்சி பிள்ளைங்கள அழைச்சினு அந்தமான் போறாளாம். ஃப்ளைட்ல."

"போவட்டும். உனக்கென்ன?"

அந்த 'உனக்கென்ன' இருக்கிறதே, அதில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொறாமை என்று வந்துவிட்டால் பக்கத்தில் ஒரு ஆளாவது கூடச் சேர்ந்து பொறாமைப்பட வேண்டும். 'ஆமாம்மா, அவங்களுக்கு மட்டும் எப்படித்தான் அமையுதோ' என்று ஒரு வார்த்தை சொன்னால் பாதி ஆறிவிடும். இந்த மனுஷனுக்கு யார் எங்கே போனாலும், யார் என்ன வாங்கினாலும் ஒன்றுதான். வீட்டில் நான் ஒருத்திதான் எல்லாருக்கும் சேர்த்து வயிறெரிய வேண்டியிருந்தது.

எனக்கும் தங்கச்சிக்கும் இரண்டு வயசு வித்தியாசம். சின்ன வயசிலிருந்தே அவளுக்கு உடம்பெல்லாம் மச்சம். எனக்குத் தைத்த பாவாடை எனக்கு இறுக்கமாகப் போய் அவளுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தும். எனக்கு மரக்காணத்தில் உப்பளம் வைத்திருக்கிற மாப்பிள்ளை வந்தார். அவளுக்குப் புதுச்சேரியில் மத்திய சர்க்கார் வேலை பார்க்கிற மாப்பிள்ளை வந்தார். பண்டிகைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தால் அவள் கைப்பையிலிருந்து ஒரு கிரீமை எடுத்துப் பிள்ளைகளின் முகத்தில் தடவுவாள், வெயிலில் கறுத்துவிடுவார்களாம். என் பிள்ளைகள் இரண்டும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும். கறுப்பதற்கு அதுகளிடம் புதிதாக ஒன்றும் மிச்சமில்லை.

இது 2006ஆம் வருஷம் பொங்கல் முடிந்த கையோடு நடந்தது. சுனாமி வந்துபோய் இரண்டாவது பொங்கல். அலை வந்த அன்று குப்பத்து ஜனங்கள் குழந்தை குட்டிகளோடு எங்கள் தெருவுக்கு ஓடிவந்ததைக் கண்ணால் பார்த்தவள் நான். அதனால் தங்கச்சியிடம் அக்கறையாகச் சொல்வதுபோல், "அங்கதானடி அலை பெரிசா அடிச்சுது. பிள்ளைங்கள வெச்சினு அங்க எதுக்குப் போவணும்?" என்றேன்.

"அதனாலதான்க்கா போறதே. யாரும் போவறதில்லைன்னு இப்ப இவரு ஆபீஸ்லயே ஃப்ளைட்டுக்குக் காசு குடுக்கறாங்க" என்றாள்.

ஊரையே நடுங்கவைத்த அலைகூட அவளுக்கு விமான டிக்கெட்டாகத்தான் வந்து சேர்ந்தது. இதற்கு மேல் நான் என்ன சொல்ல? அந்தமானை நான் இன்றுவரை படத்தில் பார்த்ததோடு சரி. ஆனால் அந்த வருஷம் தையிலிருந்து சித்திரை வரைக்கும் எங்கள் வீட்டில் அந்தமானைத் தவிர வேறு பேச்சு இல்லை.

உப்பளத்துக்காரர்களின் வருஷம் வேறு மாதிரி. தையில் பாத்தி கட்டினால் புரட்டாசி வரை ஓடும், சித்திரையும் வைகாசியும்தான் உச்சம். பாத்தியில் தண்ணீர் சுண்டி உப்பு இறங்க இறங்க, நீளக் கழி கட்டிய பலகையால் வாரிக் கரையில் அம்பாரமாகக் குவித்துக்கொண்டே இருக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்குப் பெரிய லீவு விடுவதும் அந்த நாளில்தான். ஊரில் உள்ள பிள்ளைகள் எல்லாம் பெட்டி கட்டும்போது எங்கள் பிள்ளைகள் அப்பாவுக்குத் தூக்குச்சட்டியில் சோறு எடுத்துப்போகும். மழைக்காலத்தில் அளம் தூங்கும், அவருக்கும் வேலை இருக்காது. ஆனால் அப்போது பள்ளிக்கூடம் நடக்கும், கடல் கொந்தளிக்கும், திண்டிவனம் பஸ்கூட நேரத்துக்கு வராது. கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் நாங்கள் குடும்பமாகப் போன வெளியூர் மேல்மலையனூர்தான், அதுவும் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பியது.

இதில் கிழக்குக் கடற்கரைச் சாலை வேறு. எங்கள் அளம் சாலையோரத்தில் இருக்கிறது. லீவு விட்டால் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகிற கார்கள் அங்கே நிற்கும். உள்ளேயிருந்து தொப்பி போட்ட அப்பா இறங்குவார், கறுப்புக் கண்ணாடி போட்ட அம்மா இறங்குவாள், பூப்போட்ட டவுசரில் பிள்ளைகள் இறங்கும். உப்பு அம்பாரத்துக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். ஒரு தடவை ஒருத்தி என்னையும் கூட நிற்கச் சொன்னாள். நின்றேன். அவளுடைய கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றிருப்பேன், போட்டோவில் அப்படித்தான் விழுந்திருக்கும்.

எங்கள் வீட்டில் இன்னொரு கட்டுப்பாடு உண்டு. நான் பிறந்தது வானூர்ப் பக்கம், மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, போடுகிற வீடு. அங்கே மழை என்றால் கையெடுத்துக் கும்பிடுவார்கள். வாழ வந்த வீட்டிலோ சீசன் முடிகிறவரை அந்தச் சொல்லையே வாயில் எடுக்கக் கூடாது. 'அது' என்றுதான் சொல்ல வேண்டும். 'தெக்கால அது மாதிரி இருக்குது', 'நேத்து செஞ்சில அது வந்துச்சாம்' என்றுதான் பேசுவார்கள். வந்த புதிதில் ஒரு சித்திரை மத்தியானம் வானத்தைப் பார்த்துவிட்டு, "நல்ல மழை வரும்போல இருக்குதுங்க" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரர் பேயறைந்த மாதிரி என்னைப் பார்த்தார். தங்கச்சிக்கு இந்த வம்பெல்லாம் கிடையாது. மழை வந்தால் பிள்ளைகளுக்கு ஸ்கூல் லீவு, வெங்காய பஜ்ஜி. வராவிட்டால் துணி காயும். எப்படிப் பார்த்தாலும் அவளுக்கு லாபம்.

பெரியவள் அப்போது ஆறாம் வகுப்பு, சின்னவன் மூன்றாவது. தங்கச்சி மகளுக்கும் என் மகள் வயசுதான். அந்தக் குட்டி ஞாயிற்றுக்கிழமை ஆனால் போன் போட்டுவிடும். படகுக்கு அடியில் கண்ணாடி பதித்திருக்குமாம், உட்கார்ந்த இடத்திலிருந்தே மீன் பார்க்கலாமாம். தண்ணீருக்குள் முகத்தை வைத்துப் பார்க்க ஒரு கண்ணாடி தருவார்களாம், மூச்சுவிட ஒரு குழாய் தருவார்களாம். கடல் தண்ணீர் பச்சையாக இருக்குமாம். என் மகள் எல்லாவற்றுக்கும் 'ம், ம்' என்று கேட்டுக்கொள்வாள். போனை வைத்த பிறகு சமூக அறிவியல் புத்தகத்தைத் தரையில் விரித்து வைத்துக்கொண்டு அக்காவும் தம்பியும் குப்புறப் படுத்துவிடுவார்கள்.

அதிலிருந்த இந்தியப் படத்தில் அந்தமான், கடுகு தாளிக்கும்போது வாணலிக்கு வெளியே தெறித்த நாலைந்து கடுகு மாதிரி இருந்தது. சின்னவன் மரக்காணம் இருக்கிற இடத்தில் விரலை வைத்து நேர்கோடாகக் கிழக்கே இழுத்தான்.

"அம்மா, நம்ம அளத்துக் கரையிலேர்ந்து நேராப் போனா இதான்மா வருது. சித்தி எதுக்கு மெட்ராஸ் போய் சுத்தினு போறாங்க?"

"உங்க சித்திக்குச் சுத்தறதுக்குக் காசு இருக்குதுடா" என்றேன்.

அன்றையிலிருந்து திட்டம் போட ஆரம்பித்தார்கள். யார் ஜன்னலோரம், யார் கண்ணாடிப் படகில் முதலில் ஏறுவது, அப்பாவுக்கு நீச்சல் தெரியுமா, அம்மா புடவையோடு கடலில் இறங்கினால் மூழ்கிவிடுவாளா என்று எல்லாவற்றுக்கும் விவாதம் நடந்தது. கட்டிலின்மேல் போர்வையைக் கட்டிக் கப்பல் செய்தார்கள். தடுக்க வேண்டிய நானே அதில் ஏறி உட்கார்ந்தேன். மூன்றாவது ஆளாக நானும் திட்டம் போட்டேன். வெளியே காட்டிக்கொள்ளவில்லையே தவிர, தங்கச்சி போகிற அதே மாசம், அவள் இறங்குகிற அதே கரையில், என் பிள்ளைகள் அவளுக்கு முன்னால் போய் நிற்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. அவள் வந்து இறங்கும்போது நான் கறுப்புக் கண்ணாடியோடு, 'வாடி, இப்பத்தான் வர்றியா?' என்று கேட்க வேண்டும்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் சின்னவன் நேராகவே கேட்டுவிட்டான்.

"அப்பா, நாமளும் லீவுல அந்தமான் போலாம்பா."

"உப்ப யார்டா வாருவாங்க?"

"அதெல்லாம் தெரியாது. எப்ப போலாம் சொல்லு."

"அது வந்து அளம் கெட்டுப்போச்சுன்னா எனக்கு வேலை கிடையாது. அப்பப் போலாம்" என்றார். வெயிலில் நின்றுவிட்டு வந்த எரிச்சலில் சொன்னது. சொல்லிவிட்டு மறந்தும்போனார். ஆனால் மகள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததை நான் கவனித்தேன்.

அதன்பிறகு சாயங்காலமானால் அந்தப் பெண் மொட்டை மாடிக்குப் போய்த் தெற்கே பார்த்துக்கொண்டு நிற்கும். நானும் துணி எடுக்கிற சாக்கில் போவேன். எங்கேயாவது ஒரு கறுப்புத் திட்டு தெரிந்தால் எனக்குள் இரண்டு பேர் பேசுவார்கள். 'ஐயோ, உப்பு' என்பாள் ஒருத்தி. 'வரட்டுமே' என்பாள் இன்னொருத்தி. இரண்டாவது பேசுகிறவள் வானூர்க்காரி. தங்கச்சி புறப்படும் நாள் நெருங்க நெருங்க அவள் குரல்தான் உரக்கக் கேட்டது.

பரீட்சை முடிந்ததும் பிள்ளைகளை வானூர்ப் பக்கம் என் அண்ணன் வீட்டுக்கு அனுப்பினேன். அந்த வருஷம் அங்கே கிணற்றில் தண்ணீர் அடியில் போய்விட்டது. ஊர்ப் பெண்கள் மழைக்கஞ்சி எடுத்தார்கள். குடத்தைத் தூக்கிக்கொண்டு வீடுவீடாகப் போய் ஆளுக்குக் கொஞ்சம் கஞ்சியும் சோறும் வாங்கி, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து கோயில் வாசலில் உட்கார்ந்து குடிப்பார்கள். அந்தக் கஞ்சியில் உப்புப் போடவே கூடாது. 'உப்புக்குக்கூட வழியில்லாமல் இருக்கிறோமே, கண் திறக்க மாட்டாயா' என்று வானத்திடம் முறையிடுவது. சின்னப் பிள்ளையில் நானும் தங்கச்சியும் குடித்திருக்கிறோம். அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பாள்.

பிள்ளைகளை அழைத்துவரப் போனபோது அண்ணி சிரித்துக்கொண்டே சொன்னாள். "இந்த வாட்டி உம் பொண்ணும் எங்ககூடக் குடத்தைத் தூக்கினு வந்தாம்மா. கஞ்சிய எல்லாப் புள்ளைங்களும் ஒரு வாய் குடிச்சிட்டுத் துப்பிடுச்சுங்க. இவ ரெண்டாவது தடவையும் கேட்டு வாங்கிக் குடிச்சா."

உப்பளத்துக்காரர் மகள், நல்ல சீசனில், உப்பில்லாத கஞ்சியை இரண்டு தடவை வாங்கிக் குடித்திருக்கிறாள். ஏன் என்று அண்ணிக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். திட்டியிருக்க வேண்டும்தான். ஆனால் எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. வீட்டில் பொறாமைப்பட எனக்கு ஒரு துணை கிடைத்துவிட்டது.

"அப்பாகிட்ட சொல்லாத" என்று மட்டும் சொன்னேன்.

மே மாசம் பிறந்ததும் தங்கச்சி நேரில் வந்தாள். அல்வாவும் வாழைப்பழமும் வாங்கிவந்தாள். அவள் அல்வாவோடு வந்தால் ஏதோ கேட்கப்போகிறாள் என்று அர்த்தம்.

"அக்கா, அண்ணன் உன் கல்யாணத்துக்கு வாங்கிக் குடுத்துச்சே ஒரு செவப்பு சூட்கேஸ், அது சும்மாதான இருக்குது? எங்ககிட்ட பெரிய பெட்டி இல்ல. ஒரு வாரத்துல குடுத்துடறேன்."

அந்தப் பெட்டி சும்மாதான் இருந்தது. சீர்வரிசையோடு வந்து, என் பட்டுப்புடவைகளை வயிற்றில் வைத்துக்கொண்டு பரணிலேயே கிடந்த பெட்டி. அதற்கு இரண்டு சக்கரம் உண்டு, அவை தரையில் உருண்டதே இல்லை. அதுவும் எனக்கு முன்னால் விமானம் ஏறப்போகிறது. அது மேகத்துக்கு மேலே பறக்கும், பச்சைக் கடலைப் பார்க்கும், தங்கச்சியின் ஹோட்டல் அறையில் கால்நீட்டிக் கிடக்கும். ஒரு பெட்டியைப் பார்த்துப் பொறாமைப்படுகிற நிலைமைக்கு வந்துவிட்டேன். ஆனாலும் கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே.

"அதுக்கென்னடி, எடுத்துனு போ" என்று ஸ்டூலைப் போட்டு ஏறினேன்.

பரணில் பெட்டி இல்லை. என் பட்டுப்புடவைகள் ஒரு பழைய வேட்டியில் பத்திரமாக மூட்டை கட்டப்பட்டு இருந்தன. பெட்டி இருந்த இடத்தில் மட்டும் தூசி இல்லாமல் சதுரமாகத் தெரிந்தது.

"இன்னாக்கா, எறங்க மாட்டேன்ற?" என்றாள் கீழேயிருந்து.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் சாப்பிட வந்தார். பெட்டி எங்கே என்று கேட்டேன். அவர் கால் கழுவிக்கொண்டே திரும்பிப் பார்க்காமல், "பூட்டு போச்சு. திண்டிவனத்துல ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன்" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

எனக்குத் தெரிந்தது தங்கச்சிக்குத் தெரியாமல் இருக்குமா? வாசல்வரை வந்து செருப்பை மாட்டிக்கொண்டே, "குடுக்க மனசில்லைன்னா நேரா சொல்லிடுக்கா. பாவம், மாமாவை எதுக்குப் பொய் சொல்ல வெக்கற? நாங்க கெளம்பறதுக்கு நாலு நாள் இருக்குது, அதுக்குள்ள பூட்டு சரியாச்சுன்னா போன் பண்ணு" என்றாள். கொடுக்கவே மனசில்லாமல் கொடுக்க முன்வந்த எனக்கு, கொடுக்காத பேரும் வந்து சேர்ந்தது. அல்வாவை அவள் வைத்துவிட்டுத்தான் போனாள். நான் அதைப் பிரிக்கவே இல்லை.

அவரை விடவில்லை. "எங்க அண்ணன் வாங்கிக் குடுத்த பெட்டி. யாருக்குத் தூக்கிக் குடுத்தீங்க? உங்க அக்காவுக்கா?"

"வந்துடும்" என்றார்.

"எங்கேருந்து வரும்?"

"வந்துடும்மா" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அளத்துக்குப் போய்விட்டார். அவருடைய அக்கா அந்தப் பெட்டியை இழுத்துக்கொண்டு எங்கெங்கே போகிறாளோ என்று அன்றெல்லாம் நினைத்து நினைத்து வெந்தேன். பொறாமைப்பட எனக்கு ஆளுக்குப் பஞ்சமில்லை.

இரண்டு நாள் கழித்து, அக்கினி நட்சத்திரத்தில், மத்தியானச் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது கொல்லை இருட்டியது. கடல் பக்கம் எட்டிப் பார்த்தேன். கறுப்பென்றால் அப்படி ஒரு கறுப்பு. மகள் ஓடிவந்து என் புடவையைப் பிடித்துக்கொண்டாள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. 'போலாம்' என்று மனசுக்குள் ஒரு துள்ளல். அடுத்த நிமிஷம் கீற்று, தார்ப்பாய் என்று தெருவே ஓட ஆரம்பித்தது. நானும் பிள்ளைகளும் ஆளுக்கு இரண்டு கீற்றைத் தலையில் வைத்துக்கொண்டு அளத்துக்கு ஓடினோம்.

நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அது வந்துவிட்டது. கரையில் இருந்த அம்பாரத்தில் பாதியைத்தான் மூட முடிந்தது. பாத்தியில் இறங்கியிருந்த உப்பு பார்த்துக்கொண்டிருக்கும்போதே காணாமல் போயிற்று. காலையில் வெள்ளையாகக் கிடந்த அளம் முழுக்க ஒரே தண்ணீர். அவர் எதையும் பார்க்காமல் காற்றில் பறக்கிற கீற்றை இழுத்து இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். முடிச்சுப் போட்ட இடத்திலேயே அவர் கை மறுபடியும் மறுபடியும் முடிச்சுப் போட்டது. அந்தக் கையைப் பார்த்ததும் எனக்குள் இருந்த வானூர்க்காரி வாயை மூடிக்கொண்டாள். யார்மேல் எரிச்சல்படுவது என்று தெரியாமல் நான் அழுதேன்.

மழை விட்ட பிறகு எல்லாரும் நனைந்தபடி கரையில் நின்றோம். அப்போது என் மகள் அப்பாவிடம் போய் ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

"அப்பா, நான்தாம்பா வர வெச்சேன். மாமா ஊட்ல மழைக்கஞ்சி குடிச்சேன். ரெண்டு தடவை குடிச்சேன். நீ அந்தமான் வரணும்னுதாம்பா."

சீசனில், அளத்தில் நின்றுகொண்டு, மழை என்று சொல்லிவிட்டாள். கூட வேலை செய்கிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அவள் தலையைத் தன் துண்டால் துவட்ட ஆரம்பித்தார். துண்டே சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"ரெண்டு வாய் கஞ்சிக்கு இவ்ளோ வரும்னா வானூர்க்காரன் எதுக்குக் கெணறு வெட்றான்?" என்றார். "நீ ஒண்ணும் வர வெக்கல. இது மழை. வரும், போவும். அழாத."

கோடையில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அன்றைக்குத்தான். அவ்வளவுதான், இனி காப்பாற்ற ஒன்றுமில்லை என்று எனக்குப் புரிந்தது.

எங்கள் அளத்தில் உப்பு வாருகிற அம்மா ஒருத்தி, சமாதானம் சொல்கிறேன் என்று வாயை விட்டாள். "அழாத பாப்பா. அதான் அப்பா உங்கள எல்லாம் அந்தமானுக்கு இட்டுனு போறாரே. பெட்டியெல்லாம் கட்டி ரெடியா இருக்குதே."

"எந்தப் பெட்டி?" என்றேன்.

"அந்தச் செவப்புப் பெட்டிதான் அண்ணி. குடிசைல இருக்குதே. அண்ணன் எங்ககிட்டல்லாம் சொல்லிச் சொல்லி மாளல. கப்பல்ல போறோம், கப்பல்ல போறோம்னு."

"ஏம்மா, நீ சும்மா இரு" என்றார் அவர். நனைந்த முகத்திலும் வெட்கம் தெரிந்தது.

அளத்து ஓரத்தில் பலகையும் மண்வெட்டியும் போட்டுவைக்கிற குடிசைக்குள் போனேன். பலகை அடுக்குக்கு மேலே, பாலிதீன் சாக்கு சுற்றி, சொட்டுத் தண்ணீர் படாமல் என் பெட்டி இருந்தது. திறந்தேன். சாலையோரத்தில் கார்க்காரர்கள் போட்டுக்கொண்டு வருகிற மாதிரி பின்னல் தொப்பி இரண்டு, சின்ன அளவில். பிள்ளைகள் மிதப்பதற்கு, உப்பு லாரிக்காரரிடம் கேட்டு வாங்கி ஒட்டுப் போட்ட டயர் டியூப், காற்றை இறக்கி மடித்து வைத்திருந்தது. தாளில் சுற்றி ஒரு கறுப்புக் கண்ணாடி, பொம்பளைகள் போடுவது. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பூப்போட்ட அரை டவுசர். பெரிய ஆள் அளவு. அவரை நான் வேட்டியிலும் கைலியிலும் தவிரப் பார்த்ததே இல்லை. பச்சையும் மஞ்சளுமாகப் பூ. நான் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அவர் வாசலில் வந்து நின்றார்.

"எப்போ?" என்றேன்.

"பொரட்டாசில. காலாண்டு லீவுல. அளம் முடியற நேரம்."

"எங்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொன்னா அடுத்த நிமிஷம் உன் தங்கச்சிக்குப் போன் போடுவ."

அது உண்மைதான். "நான் சொன்னப்ப 'உனக்கென்ன'ன்னு கேட்டீங்களே?"

அவர் கூரையிலிருந்து சொட்டிய தண்ணீரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். "பொங்கலுக்கு வந்தப்பவே சகலை எங்கிட்ட சொல்லிட்டாரு. அந்தமான் போறோம்னாரு. நாங்களும் ஒருக்கா போவணும்னேன். சிரிச்சாரு. 'உங்களுக்கு எதுக்குண்ணா அந்தமான், தெனமும் கடலைத்தான பாத்துனு கெடக்கறீங்க'ன்னாரு. நல்லவருதான், வெளையாட்டாத்தான் சொன்னாரு. எனக்கு அன்னியிலேர்ந்து சோறு எறங்கல. நீ உப்பில்லாத கொழம்பு வெச்சியே அன்னிக்கு, ரெண்டு வாய் தின்ன அப்புறந்தான் எனக்கு உப்பில்லன்னே தெரிஞ்சுது."

நான் பெட்டியை மூடினேன். நான்கு மாசமாக ஒரே கூரையின் கீழ், ஒரே குடும்பத்தைப் பார்த்து, நான் அடுப்படியிலும் இவர் அளத்திலுமாகத் தனித்தனியே வயிறெரிந்திருக்கிறோம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்!

"இப்ப?" என்றேன்.

"இப்ப இன்னா, உப்பு வித்த காசுலதான் டிக்கெட்டு எடுக்கணும்னு இருந்தேன். பாத்தியெல்லாம் மறுபடியும் மொதல்லேர்ந்து கட்டணும். இந்த வருஷம் ஆவாது" என்றார். வெளியே நின்ற பிள்ளைகளுக்கும் அது கேட்டிருக்கும்.

பெட்டியை மொபெட்டின் பின்னால் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கூடத்தில் வைத்துத் தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. தங்கச்சிதான்.

"அக்கா, அங்க நல்ல மழையாமே? எங்க ஃப்ளைட்டுக்கு ஒண்ணும் ஆவாதில்ல?"

"ஆவாதுடி. உனக்கு ஒண்ணும் ஆவாது."

"சரி, பெட்டி ரிப்பேர் ஆயிடுச்சா? நாளைக்கு இவரை வேணா அனுப்பட்டுமா?"

பெட்டி என் காலடியில் சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது. மழையில் கழுவினாற்போல் புதுசாகத் தெரிந்தது. இனிமேல் எங்களுக்கு என்னத்துக்கு, கொடுத்துவிடலாம், இருக்கிற கெட்ட பேராவது போகும் என்று நினைத்தேன். ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு அவரைப் பார்த்தேன். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உப்பு போனபோதுகூடக் கலங்காத மனுஷன், கண்ணை அகல விரித்து, பம்பரத்தைப் பிடுங்க வந்தவனைப் பார்க்கிற சின்னப் பையன் மாதிரி, 'கூடாது, கூடாது' என்று வேகமாகத் தலையை ஆட்டினார்.

எனக்கு அந்த மனுஷன்மேல் அன்றைக்கு வந்த பாசம், தாலி கட்டின அன்றுகூட வந்ததில்லை.

"இல்லடி. பூட்டு இன்னும் சரியா வரலயாம்" என்றேன்.

"மாமாகிட்ட குடு, நான் கேக்கறேன்."

கொடுத்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்தத் தடவை முதுகைக் காட்டாமல், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ஆமாம்மா. நம்ம ஊரு உப்புக்காத்துல்ல, துருப் புடிச்சிப்போச்சு. எப்ப சரியாவும்னு சொல்ல முடியாது. நீங்க நல்லபடியாப் போயிட்டு வாங்க." ஒரு திக்கல் இல்லை, திணறல் இல்லை.

போனை வைத்துவிட்டார். பிள்ளைகள் இரண்டும் தொப்பியைப் போட்டுக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றன. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "பரண்ல போட்டுடவா?" என்றேன்.

"வேணாம். கட்டிலுக்குக் கீழ வை. கைக்கெட்டற மாதிரி இருக்கட்டும்" என்றார்.

கட்டிலுக்கு அடியில் கிடந்த பழைய செருப்பையும் முறத்தையும் ஒதுக்கிவிட்டு இடம் பண்ணினேன்.